பிலால் என்று பெயர் வைத்தால் போதுமா?



சில காலத்துக்கு முன் ஓர் ஊரில் பெயர் சூட்டும் நிகழ்ச்சிக்கு என்னை அழைத்திருந்தார்கள். இரும்புக் கடை வைத்திருக்கும் சகோதரர் ஒருவரின் வீடு. குழந்தை பிறந்து ஏழாம் நாள். முடி இறக்கி, அகீகா ஆடு அறுத்து, சொந்தபந்தமெல்லாம் கூடியிருந்தார்கள். "என்ன பெயர் முடிவு செய்திருக்கிறீர்கள்?" என்று கேட்டேன். "பிலால், ஹஜ்ரத்" என்றார் குழந்தையின் தந்தை.

உடனே பெண்கள் இருந்த பக்கத்திலிருந்து அந்த வீட்டு நன்னியின் குரல் வந்தது. "ஏன் ஹஜ்ரத், பிள்ளை செக்கச் செவேல்னு இருக்கான். அவனுக்குப் போயி கறுப்பு அடிமை பேரா? வேற நல்ல பேரா எடுத்துக் குடுங்க."

நன்னி வயதானவர், விவரம் தெரியாமல் பேசிவிட்டார் என்று விட்டுவிடலாம். ஆனால் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஜமாஅத் பெரியவர் ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "மோதினார் பேரை வைக்கிறீங்களே மாப்ளே, நாளைக்கு இவன் பள்ளியிலே பாய் விரிக்கப் போறானா, கடையைப் பார்க்கப் போறானா?" கூடியிருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

ஆடு அறுக்க வந்திருந்த அந்த மஹல்லாவின் மோதினார் வாசல் ஓரத்தில் தேநீர் டம்ளரோடு நின்றிருந்தார். அவர் சிரிக்கவில்லை. தலையைக் குனிந்து கொண்டார்.

அன்று அந்தச் சபையில் நான் பாதிதான் பேசினேன். மீதியை இங்கே உங்களிடம் பேசுகிறேன்.

பெயரின் பொருள் என்ன?

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். பிலால் என்றால் கறுப்பு என்று பொருளில்லை. அடிமை என்றும் பொருளில்லை. அரபியில் 'பல்ல' என்றால் நனைத்தான் என்று பொருள். அந்த வேரிலிருந்து பிறந்த சொல்தான் பிலால். ஈரம், நனைப்பது, வறண்ட தொண்டையை நனைக்கும் தண்ணீர் அல்லது பால் என்று அகராதிகள் பொருள் சொல்கின்றன. பாலைவனத்தில் வாழ்ந்த மக்களுக்கு இதைவிட அழகான பெயர் வேறு என்ன இருக்க முடியும்?

இதே வேர்ச்சொல்லை நபி (ஸல்) அவர்கள் உறவைப் பற்றிப் பேசும்போதும் பயன்படுத்தியிருக்கிறார்கள். மறுமையில் அல்லாஹ்வின் முன்னால் உங்களுக்காக என்னால் எதுவும் செய்ய முடியாது என்று தம் குடும்பத்தாரை எச்சரித்தார்கள். அதே மூச்சில், இவ்வுலகில் உங்களோடு எனக்குள்ள இரத்த உறவை ஈரம் காயாமல் நனைத்து வைப்பேன் என்ற கருத்தில் சொன்னார்கள். முஸ்லிமில் இந்தச் செய்தி உண்டு. உறவு முறிவது காய்ந்து போவது; உறவைப் பேணுவது நனைப்பது.

தமிழிலும் நாம் அப்படித்தானே பேசுகிறோம்? இரக்கமில்லாதவனைப் பார்த்து, "நெஞ்சில் கொஞ்சமாவது ஈரம் இருக்கிறதா?" என்று கேட்கிறோம். அந்த ஈரத்தின் பெயர்தான் பிலால்.

இது அடிமைக்கு மட்டும் உரிய பெயரா?

அதுவும் இல்லை. சுதந்திரமான அரபிகள் தங்கள் பிள்ளைகளுக்கு வைத்த பெயர் இது. முஸைனா குலத்தைச் சேர்ந்த பிலால் இப்னு ஹாரிஸ் (ரலி) என்றொரு நபித்தோழர் இருந்தார். கபலிய்யா பகுதியின் சுரங்கங்களை நபி (ஸல்) அவர்கள் அவருக்கு வழங்கினார்கள் என்று ஹதீஸ் நூல்களில் காண்கிறோம்.

இன்னொரு செய்தியைக் கேளுங்கள். குறைஷிக் குலத்தில் உமர் (ரலி) அவர்களின் குடும்பம் எப்பேர்ப்பட்ட குடும்பம்! அவர்களின் மகன் அப்துல்லாஹ் இப்னு உமர் (ரலி) தம் பிள்ளைகளில் ஒருவருக்கு வைத்த பெயர் என்ன தெரியுமா? பிலால்! கலீஃபா உமரின் பேரர் பெயர் பிலால். ஒருமுறை ஒரு கவிஞர் வந்து, பிலால்களிலேயே சிறந்தவர் அப்துல்லாஹ்வின் மகன் பிலால்தான் என்று புகழ்ந்து பாடினார். தந்தைக்கு மகிழ்ச்சியாக இருந்திருக்க வேண்டுமல்லவா? இப்னு உமர் (ரலி) உடனே அந்தக் கவிஞரை மறுத்தார்கள். நீ சொல்வது பொய், அல்லாஹ்வின் தூதருடைய பிலால்தான் பிலால்களில் சிறந்தவர் என்று திருத்தினார்கள். இப்னு மாஜாவில் பதிவான செய்தி இது.

குறைஷித் தலைவரின் குடும்பத்துக்குக் கௌரவமாக இருந்த பெயர், நம் ஊர் இரும்புக் கடைக் குடும்பத்துக்குக் கௌரவக் குறைவாகப் போய்விட்டதா?

தகுதிக்குக் கிடைத்த பதவி

பிலால் இப்னு ரபாஹ் (ரலி) அவர்களின் வரலாறு உங்களுக்குத் தெரியும். தாயார் பெயர் ஹமாமா. அபிசீனிய வம்சம். ஜுமஹ் குலத்து உமய்யா இப்னு கலஃபின் கையில் அவர்கள் பட்ட பாட்டை மிம்பர்களில் எத்தனையோ முறை கேட்டிருப்பீர்கள். நடுப்பகல் வெயிலில் மக்கத்து மணலில் கிடத்தி, நெஞ்சில் பாறையை ஏற்றினான். அப்போதும் "அஹத், அஹத்" என்ற சொல் மட்டுமே அவர்கள் நாவில் இருந்தது. அபூபக்ர் (ரலி) அவர்களை விலை கொடுத்து வாங்கி விடுதலை செய்தார்கள். 624-ல் பத்ருப் போரில் அதே உமய்யா மண்ணில் வீழ்ந்தான்.

இதோடு நம்முடைய பயான்கள் முடிந்துவிடுகின்றன. அடி வாங்கிய பிலாலைத்தான் நமக்குத் தெரியும். பதவி வகித்த பிலாலை நமக்குத் தெரியாது!

மதீனாவில் மக்களைத் தொழுகைக்கு எப்படி அழைப்பது என்று ஆலோசனை நடந்தது. பாங்கின் வாசகங்களைக் கனவில் கண்டவர் அன்சாரித் தோழர் அப்துல்லாஹ் இப்னு ஸைத் (ரலி). கனவு கண்டவருக்கே அந்தப் பொறுப்பைக் கொடுத்திருக்கலாம். ஆனால் நபி (ஸல்) அவர்கள், பிலாலுக்கு அந்த வாசகங்களைச் சொல்லிக்கொடும், உம்மைவிட அவருடைய குரல் வளமானது என்ற கருத்தில் சொன்னார்கள். குலத்தைப் பார்க்கவில்லை. நிறத்தைப் பார்க்கவில்லை. குரலைப் பார்த்தார்கள்! வேலைக்கு எது தேவையோ அதைப் பார்த்தார்கள்.

630-ல் மக்கா வெற்றியின்போது கஅபாவின் மேலேறிப் பாங்கு சொன்னதும் பிலால் (ரலி) அவர்கள்தான். அதைக் கண்டு குறைஷிகள் சிலர் முகம் சுளித்தார்கள். இந்தக் காட்சியைப் பார்க்காமல் என் தந்தை இறந்தது நல்லதாயிற்று என்று ஒருவர் சொன்னதாகவும், முஹம்மதுக்கு வேறு ஆள் கிடைக்கவில்லையா என்று இன்னொருவர் கேட்டதாகவும் வரலாற்று நூல்கள் பதிவு செய்கின்றன. மனிதர்கள் எல்லோரும் ஓர் ஆண், ஒரு பெண்ணிலிருந்து படைக்கப்பட்டவர்கள், இறையச்சம் ஒன்றே உயர்வு என்று கூறும் ஹுஜுராத் அத்தியாயத்தின் 13-ஆவது வசனம் இறங்கியதற்கு இந்தச் சம்பவத்தையும் ஒரு காரணமாக விரிவுரையாளர்கள் சிலர் எழுதியிருக்கிறார்கள்.

சகோதரர்களே! அன்று முகம் சுளித்தவர்கள் இன்னும் இஸ்லாம் உள்ளத்தில் வேரூன்றாத புதியவர்கள். பரம்பரை பரம்பரையாகப் பாங்கு ஓசை கேட்டு வளர்ந்த நாம் இன்று எதற்காக முகம் சுளிக்கிறோம்?

இவ்வளவுக்கும் நபித்தோழர்களே இந்த விஷயத்தில் கண்டிக்கப்பட்டிருக்கிறார்கள். அபூதர் (ரலி) ஒருவரை அவருடைய தாயைச் சொல்லி இழிவாகப் பேசியபோது, உம்மிடம் இன்னும் அறியாமைக் காலத்துக் குணம் இருக்கிறது என்று நபி (ஸல்) அவர்கள் கடிந்துகொண்டார்கள். புகாரியின் அறிவிப்பில் அந்த மனிதரின் பெயர் இல்லை. வேறு சில அறிவிப்புகள் அவர் பிலால்தான் என்கின்றன. அபூதர் போன்ற பெரும் தியாகியிடமே அந்தக் குணத்தைப் பொறுத்துக்கொள்ளாத மார்க்கம், உங்களிடமும் என்னிடமும் பொறுத்துக்கொள்ளுமா?

வியாபாரிகளே, உங்களுக்கு!

பிலால் (ரலி) பாங்கு மட்டும் சொன்னவர் என்று நினைக்கிறீர்களா? நபி (ஸல்) அவர்களின் செலவுக் கணக்கு அவர்கள் கையில்தான் இருந்தது. ஏழை ஒருவர் ஆடையின்றி வந்தால், பிலாலிடம் சொல்வார்கள். பிலால் கடன் வாங்கியாவது அவருக்கு உடுத்தக் கொடுத்து, உண்ணவும் கொடுப்பார்கள். இப்படி வாங்கிய கடனைத் தவணைக்குள் கொடுக்காவிட்டால் உன்னைப் பிடித்துப் பழையபடி ஆடு மேய்க்க வைத்துவிடுவேன் என்று இணைவைப்பாளனான ஒரு வணிகன் மிரட்டினான். அடிமைத்தனத்திலிருந்து மீண்ட ஒருவரை இந்த மிரட்டல் எவ்வளவு சுட்டிருக்கும்! ஃபதக்கின் தலைவர் அனுப்பிய சுமை ஏற்றிய நான்கு ஒட்டகங்கள் வந்து சேர்ந்தன. அதை வைத்துக் கடனையெல்லாம் அடைத்து முடித்தார்கள். அபூதாவூதில் விரிவாக இருக்கும் இந்தச் செய்தியை எந்த மேடையிலாவது கேட்டிருக்கிறீர்களா? கல்லாப் பெட்டியை நம்பி ஒப்படைக்கத் தகுந்தவர் பிலால்!

இன்னொரு செய்தி. ஒருநாள் பிலால் (ரலி) 'பர்னீ' என்ற உயர்ந்த ரகப் பேரீச்சம்பழம் கொண்டுவந்தார்கள். எங்கிருந்து கிடைத்தது என்று நபி (ஸல்) கேட்டார்கள். மட்டமான பழத்தில் இரண்டு ஸாஉ கொடுத்து, இதில் ஒரு ஸாஉ வாங்கினேன் என்றார்கள். இதுவே வட்டி, இப்படிச் செய்யாதீர், மட்டமானதைக் காசுக்கு விற்றுவிட்டு அந்தக் காசில் நல்லதை வாங்கும் என்று நபி (ஸல்) அவர்கள் திருத்தினார்கள். புகாரியில் இருக்கிறது. மண்டியிலும் கடைவீதியிலும் சரக்குக்குச் சரக்கு மாற்றும் நம்மவர்களுக்கு வட்டியின் நுட்பமான ஒரு வாசலை அடைத்துக் காட்டிய பாடம், பிலாலின் வழியாகத்தான் இந்த உம்மத்துக்கு வந்தது.

இனி உங்கள் கடைக்குள் பாருங்கள். ஊரிலிருந்து வந்து, காலையில் ஷட்டரைத் தூக்குவதிலிருந்து இரவு கணக்கு முடிக்கும்வரை நிற்கும் அந்தப் பையன் யார்? அவனை எப்படிக் கூப்பிடுகிறீர்கள்? லுஹருக்கு அவனை அனுப்புகிறீர்களா, அல்லது நீங்கள் மட்டும் போய்விட்டு வருகிறீர்களா? மகனுக்குப் பிலால் என்று பெயர் வைத்துவிட்டு, கடைப் பையனுக்கு உமய்யாவாக இருந்தால் என்ன பயன்?

கட்டுக்கதைகளை விடுங்கள்!

பிலாலுக்கு 'ஷீன்' என்ற எழுத்து வராது, 'அஷ்ஹது' என்பதை 'அஸ்ஹது' என்றுதான் சொல்வார் என்று ஒரு கதை நம் பக்கத்தில் பரவலாக உண்டு. அவரை நிறுத்திவிட்டு வேறொருவரைப் பாங்கு சொல்ல வைத்ததும் பொழுதே விடியவில்லை என்று அதற்கு வாலும் வைத்துச் சொல்கிறார்கள். இதற்கு எந்த ஆதாரமும் கிடையாது. ஷீனைப் பற்றிய கதைக்கு அடிப்படையே இல்லை என்று ஹாஃபிழ் மிஸ்ஸீ, இப்னு கஸீர், ஸகாவீ போன்ற அறிஞர்கள் தெளிவுபடுத்தியிருக்கிறார்கள்.

கொஞ்சம் சிந்தியுங்கள்! குரல் வளத்துக்காகவே நபி (ஸல்) அவர்கள் தேர்ந்தெடுத்த ஒருவர் கலிமாவையே சரியாக உச்சரிக்க முடியாதவர் என்று சொல்வது பாராட்டா, பழியா? கறுப்பு நிறத்தவன் என்றால் ஏதாவது ஒரு குறை இருந்தே தீர வேண்டும் என்ற எண்ணம், பக்தி வேடம் போட்டு வந்திருக்கிறது. அவ்வளவுதான்.

பிலாலுக்கு உள்ள சிறப்பைச் சொல்லக் கதை எதற்கு? சுவர்க்கத்தில் பிலாலின் காலடி ஓசையைக் கேட்டதாக நபி (ஸல்) அவர்கள் சொன்ன செய்தி புகாரியிலேயே இருக்கிறது. அப்படி என்ன அமல் செய்கிறீர் என்று கேட்டபோது, ஒலு செய்யும்போதெல்லாம் முடிந்த அளவு தொழுகிறேன் என்றார்கள். எவ்வளவு எளிய அமல்! உமர் (ரலி) அவர்கள், அபூபக்ர் நம் தலைவர், நம் தலைவர் ஒருவரை விடுதலை செய்தவர் என்ற கருத்தில் சொல்வார்கள். இரண்டாவதாகச் சொன்ன தலைவர் பிலால்தான்.

உலகம் கொண்டாடும் பெயர்

மேற்கு ஆப்பிரிக்காவில் 13-ஆம் நூற்றாண்டில் மாலிப் பேரரசை நிறுவிய சுந்தியாத்தாவின் கெய்தா குலம், தங்களைப் பிலாலின் வழித்தோன்றல்கள் என்று சொல்லிக்கொண்டது. 1324-ல் ஹஜ்ஜுக்குச் சென்று தங்கத்தை வாரி வழங்கிய மன்ஸா மூஸாவும் அந்தக் குலம்தான். அந்த வம்சக் கணக்கு சரியா தவறா என்பது நம் வேலையில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். மற்ற அரசர்கள் சூரிய வம்சம், சந்திர வம்சம் என்று தேடியபோது, அந்த அரச குடும்பம் ஒரு காலத்தில் அடிமையாக இருந்த முஅத்தினின் வாரிசு என்று சொல்வதில் பெருமை கண்டது!

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஸபேலோ என்றொரு தீவு. 19-ஆம் நூற்றாண்டில் அங்கே பண்ணை அடிமையாக வாழ்ந்தவர் பிலாலி முஹம்மத். ஆப்பிரிக்காவின் ஃபூத்தா ஜாலோனிலிருந்து பிடித்துச் செல்லப்பட்டவர். அவர் அரபி எழுத்தில் எழுதி வைத்த 13 பக்கக் கையேடு இன்றும் ஜார்ஜியா பல்கலைக்கழக நூலகத்தில் பாதுகாக்கப்படுகிறது. அதில் என்ன எழுதியிருக்கிறார் தெரியுமா? மாலிகி மத்ஹபின்படி ஒலுவும், பாங்கும், தொழுகையும்! பாங்கு ஓசை கேட்காத ஊரில், கேட்கும் காலம் வருமா என்று தெரியாத நிலையில், ஓர் அடிமை அதை எழுதி வைத்திருக்கிறார்.

அதே நாட்டில் 1975-ல், வாரிஸுத்தீன் முஹம்மத் தலைமைக்கு வந்தபோது, கறுப்பின மக்களை இழிசொற்களுக்குப் பதிலாக 'பிலாலியர்' என்று அழைத்தார். இயக்கத்தின் பத்திரிகைக்கே 'பிலாலியன் நியூஸ்' என்று பெயர் மாற்றினார். மொரோக்கோவின் க்னாவா மக்களும் பிலாலைத் தங்கள் முன்னோடியாகப் போற்றுகிறார்கள். அல்லாமா இக்பால் பிலால் என்ற தலைப்பிலேயே கவிதை எழுதினார். மலேசியாவில் முஅத்தினுக்கு 'பிலால்' என்பதே பதவிப் பெயர். சபுராளிகளாய்ப் போய் வந்த நம்மவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

நம் பள்ளிவாசல் பிலால்

தமிழ்நாட்டிலும் பல ஊர்களில் அப்படித்தான் அழைக்கிறோம். 2009-ல் தமிழக அரசு உலமாக்களுக்கும் முஸ்லிம் நிறுவனப் பணியாளர்களுக்கும் நல வாரியம் அமைத்தபோது, உறுப்பினராகத் தகுதியுள்ளவர்கள் பட்டியலில் ஆலிம்கள், பேஷ் இமாம்கள், அரபி ஆசிரியர்கள் என்ற வரிசையில் மோதினார்களையும் பிலால்களையும் சேர்த்தது. அரசாங்கக் காகிதத்தில்கூட பிலாலுக்கு ஓர் இடம் இருக்கிறது. நம் ஜமாஅத்தின் வரவு செலவுக் கணக்கில் அவருக்கு என்ன இடம்?

சுபுஹுக்கு நாம் புரண்டு படுக்கும்போது அவர் எழுந்து விளக்குப் போடுகிறார். ஹவுதுக்குத் தண்ணீர் விடுகிறார். கழிவறையைக் கழுவுகிறார். மையித் விழுந்தால் சந்தூக்கைத் துடைத்து வைத்துவிட்டு ஒலிபெருக்கியில் அறிவிக்கிறார். பெருநாளன்று எல்லோரும் புது உடுப்போடு முஸாஃபஹா செய்யும்போது அவர் பாய் சுருட்டுகிறார். விடுமுறை கிடையாது. முத்தவல்லியின் முகம் கோணினால் வேலையும் கிடையாது. மினாராவைக் கூட்டிக் கட்டவும் பளிங்குக் கல் பதிக்கவும் மேடை போட்டு வசூல் செய்கிறோம். அந்த மினாராவிலிருந்து ஒலிக்கும் குரலுக்குச் சொந்தக்காரரின் சம்பளத்தை உயர்த்த வேண்டும் என்றால் மட்டும், "ஜமாஅத்தில் பணம் இல்லையே" என்கிறோம்!

பெண் பார்க்கும்போது "நல்ல நிறமா?" என்பதே முதல் கேள்வி. மோதினார் வீட்டிலும், நாவிதர் குடும்பத்திலும் சம்பந்தம் பேச எத்தனை பேர் முன்வருகிறோம்? பிலாலை மிம்பரில் புகழ்கிறோம். வீட்டு வாசலில் நிறுத்தி வைக்கிறோம்.

இளைஞர்களே! இது உங்கள் கையில் இருக்கிறது. அடுத்த ஜமாஅத் கூட்டத்தில் எழுந்து நின்று, மரியாதையோடு கேளுங்கள். நம் மோதினாரின் சம்பளம் என்ன? அது ஒரு குடும்பம் வாழப் போதுமா? வாரத்தில் அரை நாளாவது அவருக்கு ஓய்வு உண்டா? நல வாரியத்தில் அவரைப் பதிவு செய்திருக்கிறோமா? பதிவு செய்யாவிட்டால் படிவத்தை நீங்களே வாங்கி, நீங்களே நிரப்பி, கூடவே போய்க் கொடுத்துவிட்டு வாருங்கள். வியாபாரிகளே! உங்கள் கடையில் சாதாரண வேலைக்கு என்ன சம்பளம் தருகிறீர்களோ, அதற்குக் குறையாமல் பாங்கு சொல்பவருக்கும் கொடுக்க வேண்டும் என்று தீர்மானம் போடுங்கள். இது தர்மம் அல்ல. உழைத்தவருக்குச் சேர வேண்டிய கூலி.

தொடங்கிய இடத்துக்கே வருகிறேன். அன்று அந்தச் சபையில் சிரிப்பு அடங்கியதும் நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "வாசலில் நிற்கிறாரே, உங்கள் மோதினார். அவருடைய பெயர் என்ன?"

யாரும் பேசவில்லை. பதினோரு வருடமாக அந்த மஹல்லாவில் ஐந்து வேளையும் பாங்கு சொல்பவர். கேலி பேசிய பெரியவர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். அவர் முத்தவல்லியைப் பார்த்தார். முத்தவல்லிக்கும் தெரியவில்லை. கடைசியில் மோதினாரே மெல்லிய குரலில் தம் பெயரைச் சொன்னார்.

குழந்தையின் தந்தை எழுந்து போய் அவர் கையைப் பிடித்து அழைத்து வந்து, என் பக்கத்தில் உட்கார வைத்தார். குழந்தைக்குப் பிலால் என்றே பெயர் வைத்தோம். நன்னி அப்புறம் ஒன்றும் சொல்லவில்லை.

இதைப் படிக்கும் சகோதரரே! உங்கள் மகனுக்கு என்ன பெயர் வைப்பது என்பதைப் பிறகு யோசிக்கலாம். இன்று அஸருக்குப் பள்ளிக்குப் போகும்போது, உங்கள் மோதினாரின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அந்தப் பெயரைச் சொல்லி அவருக்கு ஸலாம் கூறுங்கள். நெஞ்சில் ஈரம் இருக்கிறதா என்பது அங்கிருந்துதான் தெரியும்.

பிலாலின் பெயரைச் சுமப்பதற்கு நம் பிள்ளைகளையும், பிலாலுக்குரிய மரியாதையைக் கொடுப்பதற்கு நம்மையும் வல்ல அல்லாஹ் தகுதியாக்குவானாக! ஆமீன்.